பாலத்தோடு நின்றுவிடாதீர்கள்: பூநகரியைப் பார்க்க ஒரு நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் வீதியால் வருகிறவர்களில் அநேகர் சங்குப்பிட்டிப் பாலத்தில் வாகனத்தை நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, முகத்தில் அடிக்கும் காற்று, பருவம் சரியென்றால் தூரத்தில் பூநாரைக் கூட்டம். படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறிவிடுவார்கள். பிறகு பூநகரியின் வாடியடிச் சந்தி வரும், கடைகள் வரும், அதுவும் பின்னால் போய்விடும். கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பூநகரியில் இறங்கிப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். இத்தனைக்கும் பரந்தன் சந்தியிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர்தான். அங்கே போனால் என்ன பார்ப்பது, கண்ணில் படுவதை எப்படி விளங்கிக்கொள்வது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தூரதேசத்து ஊரைச் சொல்லிவிட்டு வருகிறேன். பெரு நாட்டில், அந்தீஸ் மலைகளுக்கு நடுவே உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 2,800 மீற்றர் உயரத்தில் ஒல்லந்தாய்தம்போ என்றொரு சிற்றூர் இருக்கிறது. மச்சு பிச்சுவுக்குப் போகும் ரயிலைப் பிடிக்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் அங்கே வந்து இறங்குகிறார்கள். பலருக்கு அது ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் இன்கா அரசன் பச்சகூத்தியின் காலத்தில் வகுத்த தெருக்களில் இன்றைக்கும் சனம் குடியிருக்கிறது. அன்று வெட்டிய வாய்க்காலில் இன்றைக்கும் மலைத்தண்ணீர் வீட்டு வாசலோரம் ஓடுகிறது. 1537இல் ஸ்பானியக் குதிரைப்படை ஊரைப் பிடிக்க வந்தபோது, மாங்கோ இன்காவின் ஆட்கள் வாய்க்கால் நீரைத் திருப்பி அடிவாரத்து வெளியில் பாயவிட்டார்கள். குதிரைகள் சேற்றில் தடுமாற, வந்த படை திரும்பிப் போனது. அந்த ஊரின் கதை முழுவதும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே போகிறது. ரயிலுக்கு நேரம் பார்த்து நிற்கிறவர் அதைக் காணமாட்டார்.

பூநகரியில் மலை இல்லை. கருங்கல் மதிலும் இல்லை. ஆனால் இங்கேயும் தண்ணீரிலிருந்து தொடங்கினால்தான் ஊர் விளங்கும்.

இலங்கை வரைபடத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பாருங்கள். வன்னிப் பெருநிலத்தோடு அது ஒட்டியிருப்பது கிழக்கே ஒரு ஒடுங்கிய நிலத்தால் மட்டுமே. அங்கே ஆனையிறவு. அதற்கு மேற்கே, குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடல்நீரேரி. அந்த நீருக்குத் தென்கரையில், பெருநிலத்திலிருந்து வடமேற்காக ஒரு நீண்ட மணற்றிடர் குடாநாட்டை நோக்கி நீள்கிறது. அதன் நுனியை அண்டியதுதான் மண்ணித்தலை. அங்கிருந்து கொழும்புத்துறைக் கரைக்குக் கடல்வழி சில கிலோமீற்றர்தான். தார் வீதியும் ரயிலும் வருவதற்கு முன்பு, வள்ளத்தை நம்பி வாழ்ந்த காலத்தில், வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இது குறுக்குவழி. வன்னியின் நெல்லும் மரமும் யானையும் வேண்டியவர்கள் இந்தக் கரையைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாண அரசர்கள் பூநகரியைத் தங்கள் ஆட்சிக்குள் வைத்திருந்தார்கள். 1619இல் அந்த அரசைப் போர்த்துக்கேயர் பிடித்தபோது பூநகரியும் அவர்களிடம் போனது. 1658இல் ஒல்லாந்தருக்கும் 1795இல் பிரித்தானியருக்கும் கைமாறியது. குடாநாட்டுக்கு இரண்டு வாசல் என்றால், ஒன்று ஆனையிறவு, மற்றது பூநகரி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கோட்டைக்குப் போங்கள். ஊரின் நடுவில், மன்னார் வீதியை ஒட்டியே இருக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையின் ஐங்கோண மதிலையும் அகழியையும் பார்த்த கண்ணோடு வருகிறவர்கள், ‘கோட்டை எண்டா இவ்வளவுதானா?’ என்று கேட்பார்கள். இவ்வளவுதான். சதுரமாக, ஒரு பக்கம் ஏறத்தாழ 30 மீற்றர். நாற்பது தப்படியில் ஒரு மதிலை நடந்து முடித்துவிடலாம். ஆனால் அதைக் கட்டியவர்களின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சதுரக் கோட்டைக்கு நான்கு மூலையிலும் கொத்தளம் வைப்பது வழக்கம். இங்கே எதிரெதிரான இரண்டு மூலைகளில் மட்டுமே வைத்தார்கள். வெளியே துருத்தி நிற்கும் ஒரு கொத்தளத்தில் நின்றால், அதிலிருந்து புறப்படும் இரண்டு மதில்களின் வெளிப்பக்கத்தையும் முழுவதும் பார்க்கலாம், சுடலாம். எதிர்மூலைக் கொத்தளம் மற்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளும். இரண்டு கொத்தளம், நான்கு மதிலுக்கும் காவல். குறைந்த செலவில், சிறு காவற்படையை வைத்து ஒரு துறையைக் காப்பதற்கு இது போதும். பெரும்படையை எதிர்த்து நிற்பதற்கு இதைக் கட்டவில்லை. யார் கடக்கிறார், எதைக் கொண்டு கடக்கிறார் என்று பார்ப்பதற்காகக் கட்டினார்கள்.

போர்த்துக்கேயர் தொடங்கிய இந்தக் கோட்டையை 1770இல் ஒல்லாந்தர் விரிவாக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இங்கே காவற்படை இருந்தது. பிரித்தானியர் காலத்தில், 1805இல், ஒரு வாடிவீடும் கட்டினார்கள். மதிலுக்குக் கிட்டப் போய்க் கல்லைப் பாருங்கள். முருகைக்கல். கடல் தந்த கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பொருத்தியிருக்கிறார்கள். கருங்கல்லைப்போல அது காலத்தைத் தாங்காது. அதோடு, இப்படிப்பட்ட கல் சும்மா கிடந்தால் அக்கம்பக்கத்தில் வேறு கட்டடத்துக்கு அடிக்கல்லாகப் போய்விடும், சுட்டால் சுண்ணாம்பாகவும் போய்விடும். நம் கரையோரத்துப் பழைய ஊர்களில் கண்ணுக்கு முன்னே நிற்பது குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் அங்கே வாழ்ந்தவர்கள் சிறியவர்கள் என்று நினைத்துவிடக்கூடாது.

மேலே நிற்பதை விட மண்ணுக்குள் கிடப்பது அதிகம். இதை நமக்குக் காட்டியவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம். போர் நடந்த காலத்திலேயே பூநகரி முழுவதும் கள ஆய்வு செய்து, ‘பூநகரி – தொல்பொருளாய்வு’ என்ற நூலை 1993இல் வெளியிட்டார். மண்ணித்தலை, வெட்டுக்காடு, பரமன்கிராய், ஈழவூர் என்று இன்றைக்கும் நாம் சாதாரணமாகச் சொல்லும் ஊர்களில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த மட்பாண்டத் துண்டுகளைக் கண்டு எழுதினார். பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அவற்றில் சில எழுத்துகளை எப்படி வாசிப்பது என்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. யாழ்ப்பாண அரசின் பழைய தலைநகராகச் சொல்லப்படும் சிங்கைநகர் பூநகரிப் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார். வல்லிபுரம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே சனம் இருந்ததற்கு ஓடுகள் சாட்சி.

அந்த ஓடுகளில் ஒன்றைக் கண்டால் எப்படி அடையாளம் காண்பது? கறுப்பு–சிவப்பு மட்பாண்டம் என்று தொல்லியலாளர் சொல்வது இதைத்தான்: வெளிப்புறம் சிவப்பு, உட்புறமும் வாய் விளிம்பும் கறுப்பு. இது சாயம் பூசி வந்த நிறமில்லை. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, வெளிப்புறத்தில் காற்றுப் பட்டு மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. உள்ளேயும் கீழே புதைந்த விளிம்பிலும் காற்று எட்டாததால் அவை கறுத்துப்போகின்றன. ஒரே நெருப்பில் இரண்டு நிறம். இந்த வகைப் பாண்டம் தமிழகத்தில் ஆதிச்சநல்லூரிலும், கடல்நீரேரிக்கு அக்கரையில் ஆனைக்கோட்டையிலும் கந்தரோடையிலும் கிடைத்தது. அதே கைவினை இந்தக் கரையிலும் இருந்தது என்றால், நீரேரி அந்தக் காலத்திலேயே ஆட்களைப் பிரிக்கவில்லை, இணைத்திருக்கிறது.

ஓட்டைக் கண்டால் பாருங்கள், படம் எடுங்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு துண்டு ஓடு எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் தகவல் இருக்கிறது. வீட்டு அலுமாரிக்குப் போனபின் அது வெறும் ஓடு. தொல்பொருட்களை எடுத்துச் செல்வதும் சேதப்படுத்துவதும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றமும்கூட.

அடுத்துப் போகவேண்டியது கௌதாரிமுனைப் பக்கம். பூநகரியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். வாடியடியிலிருந்து வடமேற்கே போகப் போக வயல் குறையும், பனை கூடும், பிறகு மணல்தான். வழியும் மணலாகிவிடும். சிறிய கார் புதைந்துபோகும். உயரமான வாகனம், அல்லது மணலில் ஓட்டிப் பழகிய உள்ளூர்க்காரரின் மோட்டார் சைக்கிள் நல்லது. ஒரு பக்கம் அலையில்லாத நீரேரி, மறுபக்கம் திறந்த கடல், நடுவில் காற்றுக் குவித்த மணற்குன்றுகள். நீரேரிப் பக்கத்தில் ஆழம் குறைந்த இடங்களில் வரிசையாகக் கம்பு நட்டிருப்பதைக் காண்பீர்கள். அது சிறகு வலை. வற்றும் நீரோடு திரும்பும் இறாலையும் நண்டையும் மீனையும் வழிமறித்துக் கூட்டுக்குள் சேர்ப்பது. நீரோட்டம் எந்த நேரத்தில் எந்தத் திசைக்கு என்று அறியாதவரால் அதைக் கட்டமுடியாது.

மண்ணித்தலையில் ஒரு சிவன் கோவில் சிதைந்து நிற்கிறது. சிறிய கோவில். கருவறையும் அதன் மேல் விமானத்தின் எச்சமும்தான் கவனிக்கவேண்டியவை. சோழர் காலக் கலைமரபு தெரிகிறது என்பது புஷ்பரட்ணத்தின் கருத்து. யாழ்ப்பாணத்துப் பெரிய கோவில்கள் பலவற்றைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இன்றைக்கு நாம் கும்பிடுவன பெரும்பாலும் பின்னால் எழுந்தவை. அதனால் அதற்கு முந்திய காலத்துக் கட்டடம் ஒன்று, உடைந்த நிலையிலாவது, வடக்கில் நிற்பது அரிது. இதனால்தான் இந்தச் சிறிய கோவிலை இவ்வளவு தூரம் மணலில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். மணல் ஏறி மூடியதும் ஒருவகையில் அதற்குக் காவலாக இருந்திருக்கும். மேலே ஏறாதீர்கள், சுவரில் பெயர் கீறாதீர்கள், பெயர்ந்த கல்லை நகர்த்தாதீர்கள்.

மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மணற்குன்றைப் பார்க்கிறவர் அழகைக் காண்பார், வியாபாரி லொறிக் கணக்கைக் காண்பார். அங்கே குடியிருப்பவருக்கு அது தண்ணீர். இரண்டு பக்கமும் உப்புநீர் இருக்கும் நிலத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு எப்படி வந்தது? மாரி மழை மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் உவர்நீரை விடப் பாரம் குறைந்தது. அதனால் அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு தனிப்படையாக மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கமுடியும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக்கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு மீற்றர் குறைந்தால், கீழே அந்த நாற்பதையும் உவர்நீர் வந்து பிடித்துக்கொள்ளும். மணற்குன்றை வெட்டி ஏற்றும்போது, மழையைப் பிடித்துவைக்கும் அந்த உயரம்தான் லொறியில் போகிறது. கௌதாரிமுனைச் சனம் மணல் அகழ்வை எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். இன்காக்கள் மலையிலிருந்து வாய்க்கால் வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இங்கே வாய்க்காலும் தொட்டியும் எல்லாமே மணல்தான். அதைக் காப்பாற்றுவதும் கோவிலைக் காப்பாற்றுவதும் எனக்கு ஒரே வேலையாகத் தெரிகிறது.

இந்த நீரேரியைப் பற்றி எழுதும்போது கிளாலியைச் சொல்லாமல் போகமுடியாது. 1990களின் தொடக்கத்தில் ஆனையிறவும் சங்குப்பிட்டியும் இராணுவத்தின் கையில் இருந்தபோது, குடாநாட்டுச் சனத்துக்கு வெளியே போக வழி இல்லாமல் போயிற்று. இரவில், விளக்கில்லாமல், கிளாலியிலிருந்து வள்ளங்களில் பூநகரிப் பக்கத்துக் கரைக்குக் கடந்தார்கள். நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி, பரீட்சைக்குப் போகிற மாணவர் என்று எல்லோரும் அந்த வள்ளத்தில்தான். கடற்படையின் தாக்குதலில் பலர் நீரேரியிலேயே மாண்டார்கள். 1993 நவம்பரில் பூநகரி இராணுவ முகாமில் பெரும் சமர் நடந்தது. 2008 நவம்பர் 15இல் இராணுவம் பூநகரியை மீண்டும் பிடித்தது. ஊர்ச்சனம் வன்னிக்குள் மேலும் மேலும் இடம்பெயர்ந்து, 2009க்குப் பின்னரே திரும்பி வந்து கூரை போட்டது. போர்த்துக்கேயர் மதில் எழுப்பிய அதே காரணத்துக்காகத்தான் இந்தக் காலத்துப் படைகளும் இந்த மண்ணில் அடிபட்டன. நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரோடு போனால், பாலத்தில் நிற்கும்போது அவரிடம் கிளாலியைக் கேளுங்கள்.

அந்தப் பாலம் 288 மீற்றர் நீளம். 2011 ஜனவரி 16இல் திறக்கப்பட்டது. போருக்கு முந்திய நாட்களில் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் நடுவே ‘பாதை’ என்று சொல்லும் மிதவைதான் ஓடியது. அதில் வாகனத்தை ஏற்றிக் கடந்ததை வயதானவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

எப்போது போவது? ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வழி சேறாகும், வயல் நிறைந்து நிற்கும். பார்க்க அழகுதான், ஆனால் கௌதாரிமுனைப் பக்கம் போவது சிரமம். தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். வெயில் முற்றியிருக்காது, பூநாரையும் நிற்கும். பூநகரி வயல்கள் பெரும்பாலும் வானம் பார்த்தவை, காலபோகம் ஒன்றுதான். இங்கே விளையும் மொட்டைக்கறுப்பனுக்கு வடக்கு முழுவதும் பெயர் உண்டு. சிவப்பரிசி. புட்டு மாவுக்கும் கஞ்சிக்கும் தைப்பொங்கலுக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அறுவடை முடிந்த கையோடு போனால் ஊரிலேயே விசாரித்து வாங்கலாம். நீங்கள் கொடுக்கும் காசு ஊருக்குள்ளேயே நிற்கும்.

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வந்து பூநகரி பஸ் பிடிக்கலாம். கொழும்பிலிருந்து வருபவர்கள் ரயிலில் கிளிநொச்சியில் இறங்கலாம். காலையிலேயே வெளிக்கிடுங்கள். கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். கௌதாரிமுனைக்கும் மண்ணித்தலைக்கும் அரைநாள் வேண்டும். வாடியடியை விட்டால் கடைகள் அரிது. குடிதண்ணீரும் சாப்பாடும் தொப்பியும் கொண்டு போங்கள், வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். கோவிலடியில் வேட்டி சேலைதான் வேண்டும் என்றில்லை, ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போங்கள். போர் நடந்த மண் என்பதை மறக்கவேண்டாம். சனம் நடக்கும் வழியை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள், தெரியாத உலோகத் துண்டு எதையும் தொடாதீர்கள், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். வழி தெரியாவிட்டால் ஊர் ஐயாமாரைக் கேளுங்கள். பாதி வரலாறு அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

கடைசியாக, நம் மாவட்டத்து ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிச் சிகிரியாவுக்கும் அநுராதபுரத்துக்கும் கண்டிக்கும் கூட்டிப்போகிறீர்கள். அது வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் பூநகரிக்குக் கூட்டி வாருங்கள். கோட்டை மதிலைத் தப்படியால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு கொத்தளம் ஏன் போதும் என்று மண்ணில் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். கௌதாரிமுனைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, அது ஏன் உப்பாக இல்லை என்று கேள்வி கேட்கவிடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர் ஒருவரைக் கூட வரச்சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது. தைப்பொங்கல் கழிந்தபின் ஒரு சனிக்கிழமை போதும்.